திருப்திக்கு முன்னால் ஒரு மைனஸ்

“மேடம், திருப்தியில மைனஸ் வருது!”

ஃபிஜா போனில் இப்படிச் சொன்னதும் அவளுடைய ஆராய்ச்சி வழிகாட்டி அருணா சிரித்துவிட்டார்.

“எங்கம்மா வருது மைனஸ்?”

“திருப்தியிலேர்ந்து ‘மறுபடி வருவாங்களா’வுக்குப் போற அம்புல. திருப்தி குறையக் குறையத்தான் ஜனங்க கடைக்குத் திரும்பத் திரும்ப வர்றாங்களாம்!”

ஃபிஜா வாணியம்பாடிக்காரி. ஒரு மருந்துக்கடை கம்பெனியின் கிளைகளில் வாடிக்கையாளர் திருப்தியை ஆராய்கிறாள். திருப்தி என்பது தராசில் வைத்து நிறுக்கிற சரக்கு இல்லை. ஐந்து கேள்வி கேட்டு, பதில்களை ஸ்ட்ரக்சரல் ஈக்வேஷன் மாடல் என்கிற புள்ளியியல் படத்தில், எது எதைக் கூட்டுகிறது, குறைக்கிறது என்று அம்பு போட்டுக் கோத்துத்தான் பிடிக்கவேண்டும். மற்ற ஊர்களிலெல்லாம் கச்சிதமாக வந்தது. ஜவ்வாது மலைக் கிளை மட்டும் மொத்தத்தையும் கவிழ்த்துவிட்டது.

“அஞ்சு கேள்விய விட்டுட்டு, ‘மொத்தத்துல திருப்தியா?’ன்னு ஒத்தைக் கேள்விய மட்டும் வச்சுப் பாத்தியா?”

“அதுலயும் அஞ்சுக்கு ஒண்ணுதான் மேடம்.”

“அப்ப அந்தக் கிளையத் தூக்கிடு. கேள்வி புரியாம டிக் அடிச்சிருப்பாங்க.”

தூக்க மனசு வரவில்லை. மறுநாளே அந்தக் கிளை இருக்கிற நெல்லிவாசல்நாட்டுக்கு ஜீப் ஏறிவிட்டாள்.

கடையில் நல்ல கூட்டம். மருந்து கொடுக்கும் செந்தாமரை தனி ஆளாகச் சமாளித்துக்கொண்டிருந்தாள். ஒருவரின் மாத்திரை அட்டையில் பேனாவால் சூரியன் வரைந்தாள். இன்னொன்றில் நிலா.

“சூரியன் காலைல, நிலா ராத்திரிக்கு. மாத்திப் போட்டுக்காதீங்க பெரியப்பா.”

கூட்டம் குறைந்ததும் ஃபிஜா மெதுவாக விஷயத்தைச் சொன்னாள். “அக்கா, உங்க கிளைக்கு மார்க் ரொம்பக் கம்மி. பொறுமை இல்ல, மரியாதை இல்ல, கேட்ட மருந்து இல்லன்னு போட்டிருக்காங்க.”

“அப்படியாங்க?” செந்தாமரை முகத்தில் துளி வருத்தமில்லை. “ஒண்ணும் மாத்தாதீங்க மேடம். அப்படியே எழுதிடுங்க.”

திமிரா, வெகுளித்தனமா? ஃபிஜாவுக்குப் பிடிபடவில்லை.

திரும்பும் ஜீப்பில், மடியில் குழந்தையோடு பக்கத்தில் உட்கார்ந்தாள் கோகிலவாணி. கையில் செந்தாமரை கடைப் பை. மருந்துச் சீட்டோ திருப்பத்தூர் ஆஸ்பத்திரியுடையது.

“ஏங்க, மருந்தை டவுன்லயே வாங்கியிருக்கலாமே?”

“புள்ளைக்கு ஃபிட்ஸ் மாத்திரைங்க. அங்க குடுப்பாங்க, எப்டிக் குடுக்கணும்னு யாரு சொல்றாங்க? இந்தக்கா பொறுமையா சொல்லி, என்னையும் ஒருவாட்டி திருப்பிச் சொல்ல வச்சிதான் அனுப்பும்.”

“அப்ப எங்க சர்வேல இந்தக் கடைக்கு மார்க் எவ்வளவு போட்டீங்க?”

“ஒண்ணு.”

“ஒண்ணா! இன்னாத்துக்கு?”

கோகிலவாணி இருபுறமும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

“இந்தக் கடையில முன்ன வெற்றிச்செல்வன்னு ஒருத்தர் இருந்தாரு. தங்கமான மனுசன். ஆசையா எல்லாரும் அஞ்சுக்கு அஞ்சு போட்டோம். கம்பெனிக்காரங்க அவருக்கு மாலையப் போட்டு, பிரமோஷன்னு வேலூருக்குக் கூட்டிக்கினு பூட்டாங்க. மழைக்காலம் முச்சூடும் கடை பூட்டியே கெடந்திச்சி. மார்க் கம்மின்னா இன்னா பண்ணுவாங்க? மலையிலயே கெடன்னு வுட்டுடுவாங்க.”

ஃபிஜாவுக்குச் சிலிர்த்தது. திருப்தி கூடக் கூட மார்க் குறைந்திருக்கிறது! இதை எந்த மாடலில் போய் வரைவது?

அடுத்த வளைவு திரும்புவதற்குள் கோபம் வந்துவிட்டது.

“உங்க சௌகரியத்துக்காக அந்தக்கா பிரமோஷனைக் கெடுக்கலாமா? டவுன் வேலை, நல்ல சம்பளம், எல்லாம் போச்சே. ஊரே சேர்ந்து ஒரு பொண்ணு வாழ்க்கையில விளையாடியிருக்கீங்க!”

கோகிலவாணி சுருக்கென்று நிமிர்ந்தாள்.

“நாங்களா கெடுத்தோம்? அஞ்சுதான் போடுவோம்னு ஒத்தக் கால்ல நின்னோம் மேடம். வூடு வூடா வந்து, ‘ஒண்ணு போடுங்க, இல்லன்னா என்னையும் கூட்டிக்கினு பூடுவாங்க’ன்னு கையப் புடிச்சிக் கெஞ்சினதே செந்தாமரையக்காதான்!”