போர்டை மூடிய மாலை

“மாலையா இது? போர்வை!” பல்லைக் கடித்தார் நீலமேகம்.

தண்டையார்பேட்டையில் அவர் வீட்டு முன்னறையில் மகள் செங்கொடி இன்று டியூஷன் சென்டர் திறக்கிறாள். கம்பெனி வேலையை விட்டுவிட்டு இதை நம்பி இறங்கியிருக்கிறாள். முதல் நாளே பிள்ளைகள் சேராவிட்டால் தெருவே சிரிக்கும்.

போர்டு மட்டும் நீலமேகத்தின் ஏற்பாடு. மகள் வாட்ஸ்அப்பில் தட்டியிருந்த இங்கிலீஷ் வரியை ஃப்ளெக்ஸ் கடையில் காட்டி, “ஒரு எழுத்து மாறக் கூடாது” என்று கூடவே நின்று அடித்து வந்து, விடியற்காலையில் மாட்டிவிட்டார்.

குளித்துவிட்டு வந்து பார்த்தால், தொடை கனத்துக்கு ஒரு சாமந்தி மாலை. மேலே மகள் பெயர் தெரிகிறது, கீழே போன் நம்பர் தெரிகிறது. நடுவில் வெறும் பூ.

மாட்டியவர் எதிர்வீட்டு மளிகைக்கடை சுப்புராஜ். ஒரு புத்தாண்டுக்குத் தெரு முழுக்கக் கடைக் காலண்டர் கொடுத்துவிட்டு, நீலமேகத்திடம் மட்டும் “தீந்து போச்சு” என்று கை விரித்தவர். அன்றோடு நீலமேகம் அந்தக் கடைப்படி ஏறியதில்லை.

தன் மகள் ரூஹியை டியூஷனில் சேர்க்க வந்த ஜாபர் அண்ணாந்து பார்த்தார். “இன்னாண்ணே, பூதான் கீது, எழுத்தக் காணோம்?”

அவ்வளவுதான். நீலமேகம் ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறினார்.

“காலண்டர் குடுக்க மனசு வராதவன் மாலை போட வந்துட்டான்! வயித்தெரிச்சல்யா உனுக்கு!”

கடைவாசலில் நின்ற சுப்புராஜ் ஓடி வந்தார். “கோவப்படாதீங்கண்ணே. சாயங்காலம் நானே கழட்டிருதேன்.”

“இப்பவே பிச்சுப் போடறேன் பாரு!” மாலையைப் பிடித்தார் நீலமேகம்.

“நைனா, தொடாதே! எறங்கி உள்ள வா!” செங்கொடி அவர் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள்.

உள்ளே குரலைத் தாழ்த்தினாள். “போர்டுல நடுவுல கீற இங்கிலீஷ், தமிழ், இந்தி எல்லாம் பேரு நைனா. இங்கிலீஷ்ல எழுதறப்ப மொத எழுத்து பெருசா வரணும், உன் பேருக்கு வர்ற மாரி. போன்ல அவசரத்துல நான் அந்த மூணையும் சின்னதா தட்டிட்டேன். நீ அப்டியே போர்டுல ஏத்திட்ட.”

நீலமேகம் வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

“இங்கிலீஷ் சொல்லித்தர்ற எடத்துல இப்டி எழுதிகினு இருந்தா எவன் புள்ளைய உடுவான்? எதிர்வீட்டு அண்ணாச்சி மருமக ஷிஜிதான் காலைல பாத்துட்டு சொன்னா. நான் போர்ட கழட்டிரலாம்னேன். அண்ணாச்சிதான் உடல.”

“ஏனாம்?”

“‘ஆசையா மாட்டுன மனுசன் சுருங்கிப் போயிருவாரும்மா. ஸ்டிக்கர் கடைக்காரன் சாயங்காலம் வந்து பெரிய எழுத்து ஒட்டிருவான். அதுவரைக்கும் பூ இருக்கட்டும், அவருக்குச் சொல்லாதே’ன்னாரு.”

நீலமேகம் வெளியே வந்தார். ஜாபர் ரூஹியைச் சேர்க்க உள்ளே போய்க்கொண்டிருந்தார். பின்னால் இன்னும் இரண்டு அம்மாக்கள். சுப்புராஜ் ஸ்டூல் பக்கத்திலேயே நின்றிருந்தார்.

நீலமேகம் மறுபடி ஸ்டூலில் ஏறினார். சுப்புராஜ் முகம் வெளுத்தது.

இழுபறியில் சரிந்திருந்த மாலையைத் தூக்கி, ஓர் எழுத்தும் தெரியாதபடி இழுத்துவிட்டார் நீலமேகம். திரும்பிப் பார்க்காமலே சொன்னார்:

“அண்ணாச்சி... வர்ற வருசமாவது எனக்கு ஒரு காலண்டர் எடுத்து வெய்.”

“அன்னிக்கு நெசமாவே தீந்துதான் போச்சுண்ணே. அதுக்கப்புறம் வருசா வருசம் உங்களுக்குத்தான் மொத காலண்டர் எடுத்து வைக்கேன். நீங்கதான் படியேறல.”