ஒலி போகும் வழி

தொண்டை அறுவைக்குப் பிறகு குமரவேளுக்காக வீட்டு லினக்ஸ் கணினிதான் பேசும். கழுத்தில் ஒட்டிய கருவி வழியாக, தொண்டை லேசாக அசைந்தாலே அவர் சொல்ல நினைப்பதற்கு அது குரல் கொடுத்துவிடும். மகளைப் பெண் பார்க்க வரும் கனடா மாப்பிள்ளை வீட்டார் தெருமுனைக்கு வந்துவிட்ட நேரத்தில், காலையில் போட்ட அப்டேட்டால் அந்தக் குரல் நின்றுபோனது.

மனைவி செண்பகவல்லி பதறவில்லை. ஒலி எங்கும் தொலைந்துபோகாது, வேறு வழியில் போயிருக்கும், அவ்வளவுதான். அமைப்புகளைத் திறந்து பார்த்தாள். ஸ்பீக்கருக்கு வர வேண்டியது ஹெட்போனுக்குப் போய்க்கொண்டிருந்தது. அதைக் காதில் மாட்டினாள்.

"கனடாவுக்கா அனுப்பப்போறோம்? எனக்கு மனசே இல்ல. சொன்னா இவ திட்டுவா," என்று கணவர் தனக்குள் முணுமுணுத்துக்கொண்டிருந்தது அதில் கேட்டது.

ஒலியை ஸ்பீக்கருக்கு மாற்றினாள்.

"சரியாயிடுச்சுங்க. நான் ஒண்ணும் திட்டல. அவங்க உள்ள வர்றதுக்குள்ள நம்ம பொண்ணுகிட்டயும் இதச் சொல்லிடுங்க," என்றாள்.