இந்த வாரம் மீன் எங்கே?

மூன்று மணி நேரத்தில் கட்டுரை போய்ச் சேர வேண்டும். ‘இந்த வாரம் மீன் எங்கே?’ பகுதியை எழுதுபவர், ஜன்னல் இல்லாத அறையில் உட்கார்ந்து ஆற்றங்கரைக் காற்றை வர்ணித்துக்கொண்டிருந்தார். வாரத்துக்கு ஆறு கட்டுரை எழுதினால்தான் வீட்டில் அடுப்பு எரியும். அவர் தூண்டிலைத் தொட்டே இரண்டு வருடம் ஆகிறது.

பத்திரிகை ஆசிரியர் போனில் கத்தினார்.

“யோவ், பாலத்தடியில மீன் கொட்டுதுன்னு ரெண்டு மாசமா எழுதறீரே! போனவங்க எல்லாம் வெறுங்கையோட வந்து என் உயிரை வாங்கறாங்க. இந்த வாரமும் சொதப்பினா பகுதியையே மூடிடுவேன்.”

“விசாரிச்சுத்தான் சார் எழுதறேன்.”

வழக்கம்போல, யாரென்று சொல்லாமல், வாடிக்கையாளர் மாதிரி தூண்டில் கடைக்காரரைப் போனில் கூப்பிட்டார்.

“பாலத்தடிக்குப் போங்க சார், அள்ளிக்கிட்டு வரலாம்” என்றார் கடைக்காரர்.

“அண்ணே, நீங்க கண்ணால பார்த்தீங்களா?”

“நல்லாக் கேட்டீங்க! விடிஞ்சா அடைஞ்சா கடையிலேயே கிடக்கேன், ஆத்துப் பக்கம் எங்க போறது? பேப்பர்ல ‘இந்த வாரம் மீன் எங்கே?’ன்னு ஒருத்தர் எழுதறாரே, அதைப் படிச்சுத்தான் சொல்றேன். நம்பிப் போங்க சார், அந்த மனுஷன் ஆத்தங்கரையிலேயே குடியிருக்கறவர்.”