ஹீட்டருக்குள்ள மஞ்சத்தூள்

கார் ஹீட்டரோட குழாயைக் கழட்டினதும் மஞ்சளா ஒண்ணு கொழகொழன்னு தரையில விழுந்துச்சு.

"என்னய்யா இது?"ன்னு எட்டிப் பார்த்தாரு சிராஜ் மாஸ்டர்.

மெக்கானிக் நிஸார் விரல்ல தொட்டு மோந்து பார்த்தான். "மஞ்சத்தூள் மாஸ்டர்ஜி. உப்பு போட்டு இறக்கினா குழம்பு ரெடி."

ஒர்க்‌ஷாப்புல குளிருக்கு ஒதுங்கியிருந்தவங்க எல்லாரும் சிரிச்சாங்க. மாஸ்டர் சிரிக்கல. பல்லு தந்தியடிச்சுக்கிட்டிருந்தா எங்க சிரிக்கறது?

காஷ்மீர்ல ஷோபியான் ஊர்ல அது ஆளாளுக்கு ஃபெரன் அங்கிக்குள்ள காங்கிரியை, அதான் நெருப்புச் சட்டியை, கட்டிப்பிடிச்சுக்கிட்டுத் திரியற மாசம். மாஸ்டர் மட்டும் வெறுங்கையோட நின்னாரு. கார் வாங்கின அன்னிக்கே, "இனிமே நமக்கு எதுக்குச் சட்டி? ஹீட்டர் இருக்கு"ன்னு கடைத்தெரு பூரா சொல்லி, வீட்ல இருந்த காங்கிரியெல்லாம் தானம் பண்ணிட்டாரு.

அந்த ஹீட்டர் ஒரு வாரமா பனிக்காத்து ஊதுது. இன்ஜின் நல்லா சூடாகுது, சூடு காட்டற முள்ளு ஒழுங்கா நடுவுல நிக்குது. உள்ள மட்டும் கண்ணாடி உறைஞ்சு போகுது. ஃபேன்னாரு, ஃபியூஸ்னாரு, தெர்மோஸ்டாட்னு வகுப்பே எடுத்தாரு மாஸ்டர். வாத்தியார் வேலையில இருந்து ரிடையர் ஆனாலும் வாய் ரிடையர் ஆகல. ஊர்ல யாரு என்ன கேட்டாலும், கேக்காட்டியும், யோசனை சொல்லுவாரு. சொன்னதை மறுநாளே மறந்தும் போயிடுவாரு.

நிஸார் ஹீட்டருக்குப் போற ரெண்டு ரப்பர் குழாயையும் தொட்டுப் பார்த்தான். ஒண்ணு கொதிச்சுது, இன்னொண்ணு சில்லுன்னு கெடந்துச்சு. உள்ள போன சுடுதண்ணி வெளிய வரல. நடுவுல அடைப்பு. கழட்டினான், விழுந்துச்சு குழம்பு.

"ரேடியேட்டர் ஒழுகினா இதைக் கொட்டி அடைப்பாங்க மாஸ்டர்ஜி. ஒழுகறது நின்னுடும். தூளு சுத்திச் சுத்திப் போய் ஹீட்டர்ல குடியேறிடும். ஒழுகற வண்டியைத் தள்ளிவிடறவங்க பண்ற வேலை."

அது போதும் மாஸ்டருக்கு. எதிர்ல டாக்ஸி ஸ்டாண்டுல சுமோ ஓட்டற ஷபான் பரேதான் அவருக்கு அந்த வண்டியை வித்தவன். ஆள் விட்டுக் கூட்டிட்டு வரச் சொன்னாரு.

ஷபான் காங்கிரியும் கையுமா வந்தான். மாஸ்டர் ஆரம்பிச்சாரு. நேர்மைன்னா என்னன்னு கரும்பலகையில எழுதி எழுதித் தன் விரல் தேஞ்சதுல தொடங்கி, இந்தப் பய கடைசி பெஞ்சுல தூங்கினது வரைக்கும் ஒண்ணு விடல. முடிவுல தீர்ப்பும் சொன்னாரு.

"இனிமே இவன் சுமோல ஒருத்தரும் ஏறக்கூடாது. ஸ்டாண்டுத் தலைவர்கிட்ட நானே பேசறேன்."

எல்லாரும் தலையாட்டினாங்க. மாஸ்டர் சொன்னா அந்த ஊர்ல முத்திரை குத்தின மாதிரி. ஷபான் முகம் வெளுத்துப் போச்சு. வீட்ல அடுப்பு எரியறதே அந்த சுமோவாலதான்.

"நான் போடல மாஸ்டர்ஜி. வெயில் காலத்துல வாங்கினேன், குளிருக்கு முன்னாடி உங்களுக்குக் கொடுத்துட்டேன். ஹீட்டரைப் போட்டுப் பாக்கவே இல்ல, அது என் தப்பு. வண்டியை நானே திருப்பி எடுத்துக்கறேன்."

"நீ போடலன்னா யாரு போட்டா? யார்கிட்ட வாங்கின?"

"ஜம்முல ஒருத்தர்கிட்ட."

"பேரு?"

"விடுங்க மாஸ்டர்ஜி. அதான் எடுத்துக்கறேன்னு சொல்றேனே."

"பேரு எப்படி வரும்? அப்படி ஒரு ஆள் இருந்தாத்தானே."

கூட்டம் மறுபடி சிரிச்சுது. ஷபான் தன் காங்கிரியை எடுத்து மாஸ்டர் பக்கம் நீட்டினான். "முதல்ல இதைப் பிடிங்க. உதடு நீலமாயிடுச்சு."

மாஸ்டர் தள்ளிவிட்டாரு. "ஓட்டையை அடைக்க மஞ்சத்தூள், என் வாயை அடைக்க நெருப்புச் சட்டியா? நம்பரைக் கொடுடா. இத்தனை பேருக்கும் கேக்கற மாதிரி ஸ்பீக்கர்ல போட்டு அந்த அயோக்கியனைக் கேக்கறேன்."

ஷபான் பெருமூச்சு விட்டான்.

"நம்பர் உங்க போன்லயே இருக்கு மாஸ்டர்ஜி. உங்க மச்சான் தாரிக்தான். 'அத்தானுக்குத் தெரிஞ்சா ஓசியில கேப்பாரு, சொல்லிடாதே'ன்னாரு. அதனாலதான் விக்கறப்பவும் சொல்லல."

யாரோ இருமினாங்க.

மாஸ்டருக்கு மச்சானோட போன்ல பேச்சு மட்டும்தான், அவன் என்ன வண்டி வெச்சிருந்தான்னு கண்டாரா? "என் குடும்பத்து மேலயே பழியா? இரு"ன்னு அங்கயே போன் போட்டாரு. ஸ்பீக்கரை முழுசா வெச்சாரு.

"தாரிக், நீ வித்த வண்டியில மஞ்சத்தூள் போட்டியாமே. இல்லன்னு இங்க எல்லாருக்கும் கேக்கற மாதிரி சத்தமாச் சொல்லு."

ஜம்மு வெயில்ல இருந்து குரல் ஜோரா வந்துச்சு.

"போட்டேனே அத்தான். நீங்க சொன்ன மாதிரியே ரெண்டு பாக்கெட். ஹீட்டர் அடைச்சுக்குமேன்னு நான் இழுத்தப்போ, 'ஜம்முல எவன் ஹீட்டர் போடறான், எவனாவது காஷ்மீர்க்கார ஏமாளி வாங்கினா அது அவன் தலையெழுத்து'ன்னு நீங்கதானே தைரியம் சொன்னீங்க? ஏன், எவன் மாட்டினான்?"