நீட்டிய கை

பிள்ளைக்கு முட்டை ஒத்துக்கொள்ளாது என்று டாக்டர் சொன்ன நாளிலிருந்து, வீட்டுக்கு வருகிறவர்களின் வலது கையை முகர்ந்து பார்த்த பிறகுதான் முத்தரசி பிள்ளையைத் தூக்கக் கொடுப்பாள். முட்டை வாடை அடித்தால் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு வர வேண்டும். புருஷன் இசக்கிராஜாவின் கையை மட்டும் அவள் முகர்ந்ததில்லை. பெற்ற தகப்பனாயிற்றே.

“போலீஸ் நாய்கூட இப்படி மோந்து பாக்காது” என்பாள் நாத்தனார் பேச்சியம்மாள். “எங்க குடும்பத்துல முட்ட திங்காத பிள்ள உண்டா? கொஞ்சங் கொஞ்சமாக் குடுத்துப் பழக்குனா சரியாயிரும்.” சொல்லிக்கொண்டே கையையும் நீட்டுவாள். இசக்கிராஜா கேட்டுக்கொண்டிருப்பான்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பிள்ளையின் உதடு தடித்து வீங்கியது. டாக்டர் கொடுத்திருந்த மருந்தைப் புகட்டி, வீக்கம் வடிந்து, பிள்ளை தோளில் உறங்கிய பிறகு முத்தரசி சொன்னாள்: “கையக் காட்டுங்க மதினி.”

பேச்சியம்மாளின் கையில் மீன்குழம்பு வாடைதான் இருந்தது.

முத்தரசி புருஷன் பக்கம் திரும்பினாள்.

“எங் கையவுமா?” என்று சிரித்தான்.

பிடித்து முகர்ந்தாள். சோப்பு மணந்தது. கல்யாணமான மூன்று வருடத்தில், தின்ற கையை அவன் தண்ணீரில் நனைத்து லுங்கியில் துடைப்பதைத்தான் அவள் பார்த்திருக்கிறாள்.