அடுத்த கட்டம்

படக்கதை வார இதழ் ஒன்றின் கடைசிப் பக்கத்தில் ஒரு முயல் மரக்கிளையைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்தது. கீழே ஆற்றில் ஒரு முதலை வாயைப் பிளந்தபடி நின்றது. முப்பது வருஷமாக முயலை வாராவாரம் இப்படி மாட்டிவிட்டு, அடுத்த இதழின் முதல் படக்கட்டத்திலேயே காப்பாற்றிவிடுவார்கள். அதனால் முயல் அலட்டிக்கொள்ளவில்லை.

"என்னடா முதலை, இந்த வாரமும் பட்டினிதானா?" என்று சீண்டியது.

"சிரிக்காதே. என் வால் பக்கத்தில் ‘தொடரும்’ போடுகிற இடத்தைப் பார். ‘நாடு இருக்கிற இருப்பில் காகிதம் வாங்கக் கட்டுப்படியாகவில்லை. இதுவே கடைசி இதழ். வாசகர்களுக்கு நன்றி’ என்று போட்டிருக்கிறார்கள்."

முயல் அலறியது. "ஐயையோ! அப்போ என்னை யார் காப்பாற்றுவது?"

"என் வாயை யார் மூடுவது? தாடை வலியில் உயிர் போகிறது."

"உனக்கென்ன, என்னைத் தின்றுவிட்டு மூடிக்கொள்வாய்."

"தின்பதற்கும் அடுத்த கட்டம் வேண்டாமா, தம்பி?"

 முயல் கையைக் கிளையிலிருந்து எடுக்காமலே, "அதுவும் சரிதான். அண்ணனுக்குச் சொந்த ஊர் எது?" என்று கேட்டது.