வாக்குத்தத்தப் பெட்டி

"ஏட்டி ஹெப்சி, ஜெபம் பண்ணிட்டு ஒண்ணு எடு" என்று பைபிள் வசன அட்டைகள் மடித்துக் கிடந்த பெட்டியை நீட்டினாள் பியூலா டீச்சர்.

பாளையங்கோட்டையில் நர்ஸ் படிப்பு முடித்த ஹெப்சிக்கு, ஒடிசா மிஷன் ஆஸ்பத்திரியில் ஊழியத்துக்கு அழைப்பு வந்திருந்தது. தாயில்லாப் பிள்ளை, வளர்த்தது அத்தை பியூலாதான். போகவா வேண்டாமா என்பதை, எடுக்கிற வசனத்தில் ஆண்டவரே சொல்ல வேண்டுமாம்.

உறைமோர் வாங்க வந்த பக்கத்து வீட்டுப் பிரம்மநாயகி, டம்ளரோடு அப்படியே உட்கார்ந்துவிட்டாள். மோர் எங்கே ஓடிப்போகப் போகிறது?

ஹெப்சி எடுத்தாள். இருக்கும் இடத்திலேயே தங்கியிரு என்று வசனம்.

"இன்னொரு தடவ எடுக்கட்டுமா அத்தை?"

"ஆண்டவரையே சோதிக்கியா? சரி, எடு."

அட்டையைத் திரும்பப் போட்டுவிட்டு வேறொன்று எடுத்தாள். அதே வசனம். கண்ணைத் துடைத்துக்கொண்டு, வரவில்லை என்று பதில் எழுத உள்ளே போனாள்.

"உனக்கும் அந்தக் காலத்துல இதே வசனந்தான வந்துது? நீயும் ஊழியத்துக்குப் போறேன்னு துள்ளிக்கிட்டுல்லா நின்ன?" என்றபடி பிரம்மநாயகி பெட்டிக்குள் கையை விட்டாள். ஒன்றைப் பிரித்தாள். இன்னொன்றையும் பிரித்தாள். பிறகு எல்லாவற்றையும் பிரித்தாள். அத்தனையிலும் ஒரே வசனம்.

"ஏளா, இது செத்துப்போன உங்கம்மா கையெழுத்துல்லா!"

"ஆமா யக்கா. அவள அடக்கம் பண்ணிட்டு வந்த அன்னிக்குத்தான் எல்லாம் ஒண்ணுன்னு பாத்தேன்."

"பாத்துட்டுமா இந்தப் பிள்ளைட்ட நீட்டுன?"

பியூலா அட்டைகளைப் பைய மடித்துப் பெட்டிக்குள் அடுக்கினாள்.

"எனக்கும் வயசாவுதுல்லா."